மூலைமட்டத்தின் அடியில்

ஓசூரில் கம்பெனியை மூடி ஏலம் விட்டபோது
என் பி.எஃப். பணத்தில் பாதி
படுக்கை வாட்டில் இரும்பறுக்கும் பேண்ட்சாவாக மாறியது.
தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியில்
ராயக்கோட்டை வந்து சேர்ந்தது,
மோட்டார் மேல் நசுங்கிய இரண்டு பழங்களோடு.

கார் இல்லாத வீட்டின் கார் ஷெட்டில்
நான்கு பேர் தூக்கி வைத்தார்கள்.
மூன்று காலில் நின்றது.
நான்காவதன் அடியில் பையனின் பழைய செருப்பை
வெட்டிக் கொடுத்தார் சம்பங்கி.
"ஆடாம நின்னா போதும்."
போதும் என்று வந்ததற்கெல்லாம்
பதினோரு வருஷம் சிவப்புச் சீட்டு ஒட்டியவள் நான்,
இன்ஸ்பெக்‌ஷன், இரண்டாம் ஷிப்ட்.

முதல் நாள் அது அறுக்கவில்லை.
தேய்த்தது.
நாற்பது நிமிஷம் ஒரு ஆங்கிளைத் தேய்த்துப்
பாத்திரக் கடைக்கு அனுப்பலாம்போல் ஆக்கியது.
கழற்றிப் பார்த்தால்
பிளேடின் பற்களெல்லாம் வந்த வழியைப் பார்த்திருந்தன.
பாவாடையை உள்வெளியாகப் புரட்டுவதுபோல்
புரட்டி மாட்டினேன்.
யாரிடமும் சொல்லாதே என்றார்.
எழுதத்தான் செய்கிறேன்.

இரண்டாம் நாள் அறுத்தது.
கோணலாக.
நாலங்குலக் குழாயில் ஒன்றரை மில்லி.
"வெல்டிங்ல மூடிடலாம் நாகவேணி,
கேட்டுக்குத்தானே."
மூலைமட்டத்தை வைத்து
வெயில் பக்கம் தூக்கிக் காட்டினேன்.
அடியில் வெளிச்சம்.
ஊரில் எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள்,
கண்டால் ஒதுக்கி வைக்கச்
சம்பளம் வாங்கினேன் நான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள்.
பிளேடின் இறுக்கத்தைக் கட்டைவிரலால் சுண்டிக் கேட்டோம்.
அதைப் பிடிக்கும் பேரிங்குகளின் இடையில்
ரேஷன் பில் நுழைந்தது.
நுழையாதவரை திருகினோம்.
வைஸின் அசையாத தாடைக்குப் பின்னால்
மாம்பழக் கூழ் டப்பாவிலிருந்து
ஒரு கீற்றுத் தகடு.
தலை வேகமாக இறங்கிப் பற்களைத் தின்றது.
பழைய மொபெட்டின் ஷாக் அப்சார்பரை
நடுவில் நிற்க வைத்தோம்,
மெதுவாகக் குனியக் கற்றுக்கொண்டது.

டெங்கு வந்து அவர் தர்மபுரி ஜி.எச்.சில் கிடந்தபோது
ஏன் எடுத்து வைத்தேனோ, அந்த டிரிப் குழாய்.
அதில் இப்போது பால் நிறக் கூலண்ட்.
நிமிஷத்துக்கு இருபது சொட்டு.
நர்ஸ் சொன்ன கணக்கு
இரும்புக்கும் சரியாக இருந்தது.

மாலையில் போர்வெல்கள் ஓடும்போது வோல்டேஜ் இல்லை.
ஒன்பதரைக்கு மேல்தான் வேலை.
கட்டிங் வீல் காலத்தில்
தெருவே பல்லைக் கடித்தது,
என் புடவைகளில் பொறி விழுந்த பொத்தல்கள்
இன்னும் இருக்கின்றன.
இப்போது எதிர்வீட்டு நரசம்மா விசாரிக்கிறாள்:
"சத்தமே காணோமே,
ஆர்டர் ஏதும் வரலியா?"

அவருக்குத்தான் கஷ்டம்.
இருபது வருஷம் கிரைண்டரை நெஞ்சோடு அழுத்தியவர்.
இது தானாக இறங்குகிறது,
தானாக அறுக்கிறது.
பக்கத்திலேயே நின்றார்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
பேண்ட் பையில் விட்டார். எடுத்தார்.
கொஞ்ச நேரம் டிரிப்பை எண்ணினார்.

நேற்று வலுக்கட்டாயமாக உள்ளே கூப்பிட்டேன்.
களியும் கீரைக் கடைசலும்.
இரண்டாவது உருண்டையைக் கிள்ளும்போது
ஷெட்டில் ஒரு டங்.
பிறகு சுவிட்ச் விழும் டக்.
பிறகு ரயில் போன பிறகு இருக்குமே, அது.
ஒட்டிய கையோடு எழுந்து ஓடினார்.

துண்டு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
துடைத்தேன். மட்டத்தை வைத்தேன்.
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினேன்.
இருட்டு.
இருட்டு.
திருப்பினேன், இருட்டு.
நான்காவது பக்கத்தின் ஓரத்தில்
மட்டும்
முடி கனத்துக்கு ஒரு கோடு.

அவர் என் முகத்தையே பார்த்திருந்தார்.
கூழ் டப்பா இன்னொன்று இருக்கிறதா
என்று கேட்டேன்.
"சீசன் வரட்டும்" என்றவர்
கை கழுவப் போனார்.